ஆடு ஒயரைக் கடிக்கவில்லை

எந்த ஆடும் என் ஒயரைக் கடிக்கவில்லை. அன்று ஊராட்சி மன்றக் கூட்டத்தின் நடுவில் ஒலிபெருக்கியை ஊமையாக்கியவன் நான்தான். இந்தக் கையால்தான் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினேன். தெரிந்தே திருகினேன்.

கொலையா, களவா... ஒரு குமிழைத் திருகியதற்கா இத்தனை பீடிகை என்று நீங்கள் நினைக்கலாம். பொறுங்கள். அந்த ஒரு திருகலில் ஒரு பெண்ணின் நல்ல பெயர் போயிற்று. ஊர் இன்றுவரை அவரைத் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. நானோ நல்லவன் என்ற பெயரோடு அதே ஊரில் நடமாடுகிறேன்!

என் பெயர் ரத்தினம். மைக் செட் ரத்தினம் என்றால்தான் தெரியும். திருத்துறைப்பூண்டிப் பக்கம், நாலாபுறமும் வயல் சூழ்ந்த ஊர் எங்களுடையது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் செட்தான். மேடையில் பேசிப் பேசியே ஆட்சிக்கு வந்தவர்களின் நாடு இது. இன்று ஆளுங்கட்சிக்குக் கட்டிய கம்பத்திலேயே நாளை எதிர்க்கட்சிக்கும் கட்டுவேன். பேசுகிறவர் யாரானாலும் கடைசியில் நிற்பவனுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆளைப் பார்த்துச் சத்தம் வைக்கிறவன் மைக் செட்காரனே இல்லை. எனக்கென்று இருந்தது அந்த ஒரு கர்வம்தான்.

செந்தாமரை அக்காவைப் பற்றிச் சொல்லாமல் என் குற்றத்தின் கனம் உங்களுக்குப் புரியாது.

தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது ஜெயித்து வந்தவர் அவர். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஜெயித்த பெண்கள் பலருக்குக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் புருஷன்மார்கள். அக்காவின் கணவர் முதல் நாளன்று மன்ற வாசல்வரை வந்தார். "நீங்க போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க. நான் கூட்டத்த முடிச்சிட்டு வர்றேன்" என்று அக்கா அனுப்பிவிட்டார். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த மனிதரையும் நான் மெச்சுகிறேன்.

அக்காவின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் ஊராட்சிக் கூட்டம் மிராசுதார் வீட்டுக் கூடத்தில் நடக்குமாம். எந்தப் புறம்போக்கு யாருக்கு, எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்த வாய்க்கால் எப்போது வெட்டுவது... எல்லாம் உள்ளே முடிவாகும். வேலை செய்கிற ஜனங்கள் வெளியே தெருவில் நிற்பார்கள். காரியஸ்தர் வந்து முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். ஏன், எப்படி என்று கேட்டால் அடி விழும்.

தலைவரான முதல் மாதமே அக்கா என் கடைக்கு வந்தார்.

"தம்பி, மன்றத்துல உள்ள ஒரு மைக்கு, வெளிய ரெண்டு கொழா ஸ்பீக்கரு கட்டணும்."

"என்ன விசேஷம்க்கா?"

"விசேஷமெல்லாம் இல்ல. மாசக் கூட்டந்தான். எங்கப்பா கடைசி வரைக்கும் தெருவுலயே நின்னாரு. உள்ள என்ன பேசுனாங்கன்னு அவருக்குத் தெரியாமலே போச்சு. உள்ள வர முடியாதவங்களுக்கு சத்தமாச்சும் போவட்டும்."

எத்தனை தலைவர்களின் பேச்சுக்குக் குழாய் கட்டியிருக்கிறேன்... ஓட்டுக் கேட்பதற்கு ஊருக்கே கேட்கும்படி பேசியவர்கள் ஜெயித்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார்கள். கதவுக்குள் நடக்கும் பேச்சுக்குக் குழாய் கட்டச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மன்றத்தின் மாடியில் கடைத்தெருவைப் பார்த்து ஒரு குழாய். கீழத்தெரு முனையில், பூவரச மரத்தில், இன்னொன்று. வேலியோரமாகவே ஒயரை இழுத்துக்கொண்டு போனேன். மன்றத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு ஆம்ப்ளிஃபயரோடு நான் உட்கார்ந்துகொள்வேன்.

உறுப்பினர்களுக்குப் பிடிக்கவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "ஏம்மா, கூட்டம் நடத்துறியா, கச்சேரி நடத்துறியா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. கேக்க ஆளு வேணும்" என்றார் அக்கா.

சில உறுப்பினர்கள் வேண்டுமென்றே மைக்கை விட்டு விலகி, முணுமுணுவென்று பேசினார்கள். அக்கா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். யார் பேசினாலும், பேசியவர் பெயரைச் சொல்லி, அவர் சொன்னதை அப்படியே மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுவார். பிறகுதான் தன் பதிலைச் சொல்லுவார். "தெருவுல இருக்கறவங்களுக்குப் பாதிப் பேச்சு போவக் கூடாது" என்பார். அந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மாட்டிக்கொண்டது அதில்தான்.

ஊர் எப்படி மாறிற்று என்கிறீர்கள்! கூட்டம் நடக்கும் சாயங்காலங்களில் டீக்கடையில் பாட்டை நிறுத்திவிடுவார்கள். சலூன்காரர் பாதி முகத்தோடு ஆளை உட்காரவைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். வருஷக்கணக்காகக் கூட்டத்தில் தூங்கி வழிந்த உறுப்பினர்கூட ஏதாவது பேசத் தொடங்கினார். பேசவில்லை என்றால் வீட்டில் பெண்டாட்டி கேட்கிறாளாம், "ஒங்க கொரலே வரலியே" என்று.

ஒருமுறை ஓர் உறுப்பினர் கீழத்தெருவில் எல்லா விளக்கும் எரிகிறது என்றார். கொஞ்ச நேரத்தில் பாக்கியம் என்கிற பெண், நடவிலிருந்து வந்த காலில் சேறு காயாமல், ஜன்னலருகே வந்து நின்றாள். "எந்த வெளக்கு எரியுது? வந்து காட்டச் சொல்லுங்க" என்றாள். உறுப்பினருக்கு முகம் கறுத்துவிட்டது. அக்கா எழுந்து போய் அவளை உள்ளே அழைத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்து, மைக்கை அவள் பக்கம் திருப்பிவைத்தார். பாக்கியத்தின் குரல் அன்று ஊர் முழுக்கக் கேட்டது. அந்த வாரமே விளக்கு எரிந்தது.

ஒவ்வொரு கூட்டத்தையும் அக்கா ஒரே பேச்சோடுதான் முடிப்பார்: "ஒங்க காதால கேக்காத எதையும் நம்பாதீங்க. நான் சொன்னேன்னு யாராச்சும் வந்து சொன்னாலும் நம்பாதீங்க."

இப்படிப்பட்டவருக்குத்தான் நான்...

சொல்கிறேன். கீழத்தெருவின் பின்னால் ஒரு வடிகால் ஓடியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தெருத் தண்ணீரும், பின்னாலிருக்கும் பள்ள வயல்களின் தண்ணீரும் அதில்தான் வடியும். அந்த வடிகாலின் வாய்ப் பக்கத்தைத் தூர்த்து, பஸ் நிற்கும் இடத்தில் கடைகள் கட்டவேண்டும் என்று சில பெரிய மனிதர்கள் கிளம்பினார்கள். மன்றத்தில் பாதிப் பேர் அவர்கள் பக்கம். பாதிப் பேர் அக்கா பக்கம். கீழத்தெரு உறுப்பினர் நடராசன் சாய்கிற பக்கம்தான் ஜெயிக்கும்.

நடராசன் என் தங்கை வசந்தாவின் புருஷன். "என் பொணத்து மேலதான் அந்த வடிகால்ல மண்ணு விழும்" என்று அதே மைக்கில் சொல்லி, தெருவிடம் கைதட்டு வாங்கியவன்.

கூட்டத்தன்று மத்தியானம் நான் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வசந்தா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, அவரு இன்னைக்கு மாத்திப் பேசப் போறாரு."

"ஏன்?"

"புள்ளைக்கு சத்துணவுல வேலை போட்டுத் தர்றோம்னு சொல்லிட்டாங்கண்ணே. கைக்கொழந்தையோட வந்து கெடக்குறா. வேற என்ன வழி இருக்கு?"

என் மருமகள், வசந்தாவின் மகள், புருஷன் கைவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

"நான் அந்தத் தெருவுலதாண்ணே இருக்கணும். அந்தத் தெருப் பைப்புலதாண்ணே தண்ணி பிடிக்கணும். அவரு பேசுறது தெருவுல கேட்டுச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட போவேன்? அவரு பேசுறப்ப மட்டும் சத்தத்தக் கொறைச்சிருண்ணே. அவரு மட்டுந்தான்."

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தங்கைக்காகச் செய்தேன் என்று இப்போது சொன்னால் உங்கள் மனம் இளகுமா? இளக வேண்டாம். கீழத்தெருவில் எனக்கு ஒரே ஒரு தங்கை இருந்தாள். அக்காவுக்கு அந்தத் தெரு முழுவதும் சொந்தம். அந்த வித்தியாசம்தான் அன்று வெளியே வந்தது.

நடராசன் பேச எழுந்தான். நான் குமிழைத் திருகினேன்.

உள்ளே சின்ன அறை. மைக் இல்லாமலே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். மின்விசிறியின் கடகடப்பு வேறு. வெளியே குழாய் நின்றது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன்... அவ்வளவுதான் சொல்ல முடியும்.

டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்: "ரத்தினம், சத்தம் வரலியே."

"லைன்ல கோளாறுண்ணே. பாக்குறேன்" என்று ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன். நடிப்பும் எனக்கு வந்தது பாருங்கள்!

நடராசன் சுருக்கமாகத்தான் பேசினான். கடைகள் வந்தால் ஊர் முன்னேறும், தண்ணீருக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். உடனே சத்தத்தைக் கூட்டிவிடுவது என்பதுதான் என் எண்ணம். விரல் குமிழின் மேல்தான் இருந்தது.

அக்கா எழுந்தார். வழக்கம்போல மைக்கில் தொடங்கினார்: "கீழத்தெரு உறுப்பினர் நடராசன் சொல்றாரு..."

என் விரல் நின்றுவிட்டது.

இந்த வாக்கியம் போகட்டும், அடுத்ததில் கூட்டலாம் என்று பார்த்தேன். அடுத்த வாக்கியத்திலும் அவன் பெயர். "போன மாசம் இதே மைக்குல என்ன சொன்னீங்க நடராசன்?" என்று கேட்டார். அவனை விட்டு அவர் நகரவே இல்லை. அவனைக் காப்பாற்ற வேண்டுமானால் அவரை மறைத்தாக வேண்டும். நான் மறைத்தேன்.

அந்தப் பேச்சைத்தான் நினைத்து நினைத்துச் சாகிறேன்! எத்தனை மேடை, எத்தனை நாவலர்கள் என்று கேட்டவன் நான். அடுக்குமொழிக்குக் கைதட்டியவன். அக்காவிடம் அடுக்குமொழி ஒன்றும் இல்லை.

"தண்ணிக்குக் கட்சி கெடையாதுங்க. வழி இருந்தா போவும். இல்லன்னா வீட்டுக்குள்ள வரும். கடைய எங்க வேணும்னாலும் கட்டலாம். வடிகாலத் தூக்கி எங்க வெப்பீங்க? அந்தத் தெருவுல ஒங்க யாரு வீடும் இல்ல. நடராசன் வீடு மட்டுந்தான் இருக்கு. அவரே சரின்னுட்டாரு. நான் சரின்னு சொல்ல மாட்டேன். நான் ஒத்த ஆளா நின்னாலும் சொல்ல மாட்டேன். தெருவுல கேட்டுக்கிட்டு இருக்கறவங்களுக்கும் சொல்றேன், இது ஒங்க வீட்டுக்குள்ள வரப்போற தண்ணி. எந்திரிச்சு வாங்க, வந்து கேளுங்க."

எழுந்து வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்தார். யாராவது வருவார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். யார் வருவார்கள்? அந்த அழைப்பைக் கேட்டது அறைக்குள் இருந்தவர்களும் ஜன்னலுக்கு வெளியே இருந்த நானும்தான்.

கை தூக்கினார்கள். தீர்மானம் ஜெயித்தது. எல்லாம் முடிந்ததென்று குமிழைக் கூட்டினேன்.

என் மூளைக்கு எட்டாத ஒன்று இருந்தது. முடிவை அறிவிக்க வேண்டியவர் தலைவர். தான் எதிர்த்த தீர்மானமானாலும் அவர்தான் அறிவிக்க வேண்டும். வெகுநேரம் ஊமையாகக் கிடந்த குழாய்களில், தெரு கேட்ட முதல் குரல் செந்தாமரை அக்காவுடையது.

"வடிகாலை மூடிக் கடைகள் கட்டும் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது."

கடைத்தெருவுக்கும் கேட்டது. பூவரச மரத்துக்கும் போயிற்று. என் செட் அவ்வளவு தெளிவாக ஒருநாளும் பேசியதில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார். தெரு ஆட்கள் அதற்குள் கூடிவிட்டார்கள்.

"யாருமே வரலியே தம்பி. வெளிய கேக்கலியா? என்ன ஆச்சு?"

வேலியோரம் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. என் கண்ணில் பட்டது அதுதான்.

"ஆடு ஒயரக் கடிச்சிருச்சுக்கா. இப்பதான் சேத்துக் கட்டுனேன்."

அக்கா அந்த ஆட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஆடு ஒயரக் கடிச்சிருச்சுங்க. நான் எதுத்துத்தான் பேசுனேன். ஒங்களுக்குக் கேக்காமப் போச்சு" என்றார்.

யாரோ சிரித்தார்கள். பாக்கியம் முன்னால் வந்தாள். அக்கா தன் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்தாரே, அதே பாக்கியம்.

"நீதானம்மா சொன்ன, காதால கேக்காதத நம்பாதீங்கன்னு. எங்க காதுல விழுந்தது ஒண்ணே ஒண்ணுதான். அது ஒன் கொரலு."

தான் ஊருக்குக் கற்றுக்கொடுத்தது தன்னையே வந்து கேட்டபோது அக்கா என்ன சொல்ல முடியும்? மற்ற உறுப்பினர்களிடம் கேட்டால், அக்கா பக்கம் நின்றவர்கள்கூடப் பெரிய மனிதர்களைப் பகைக்கப் பயந்து, "எல்லாரும் சேந்து எடுத்த முடிவுதாங்க" என்று மழுப்பினார்கள். நடராசன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனான். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷ மழையில் கீழத்தெருவுக்குள் தண்ணீர் ஏறியது. பள்ள வயல்களில் சம்பா அழுகிற்று. முழங்கால் தண்ணீரில் நடந்து அக்கா சோற்று அண்டாவோடு வந்தார். மற்றவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் அவர் கொடுத்ததை வாங்கவில்லை. அவர் அண்டாவைப் பூவரச மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு, சேற்றில் அடைத்துக் கிடந்த வாய்மடையை, வயல் தண்ணீர் வடியும் திறப்பை, ஒரு மண்வெட்டியால் தானே வெட்டிவிடத் தொடங்கினார். நான் மன்றத்து மாடியில் நின்று பார்த்தேன். குழாயைக் கழற்ற ஏறியிருந்தேன், மழையில் நனைந்துவிடுமே என்று!

அடுத்த தேர்தலில் ஆடுதான் பேச்சு. அக்கா ஓட்டுக் கேட்டுப் போன தெருவிலெல்லாம் யாராவது "ம்மே" என்று கத்துவார்கள். எதிர்த்து நின்றவரின் பிரசார ஆட்டோவில் ஒருவன் மைக்கைப் பிடித்து ஆடு மாதிரியே கத்தி ஊரைச் சிரிக்கவைத்தான். அந்த ஆட்டோவில் கட்டியிருந்த செட் என்னுடையது. அந்த ஆட்டுக்கு மட்டும் நான் சத்தத்தைக் குறைக்கவில்லை.

அக்கா தோற்றார். என் மருமகளுக்குச் சத்துணவு வேலை கிடைத்தது. நன்றாகச் சமைக்கிறாள். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள். அவள் சிரிக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தோடு அக்கா வீட்டில் முடங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முடங்கவில்லை. புதிய தலைவர் முதல் மாதமே குழாய்களைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். இரண்டாவது கூட்டத்தன்று கீழத்தெருப் பெண்கள் பாக்கியத்தின் தலைமையில் வந்து ஜன்னல்களை மறித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. "கொழா எங்க?" என்ற ஒரே கேள்விதான். தலைவர் வேர்த்து விறுவிறுத்து எனக்கு ஆள் அனுப்பினார். நான் குழாய் கட்டும்போது பாக்கியம் என்னிடம் சொன்னாள்: "அந்தம்மா சரியில்ல. ஆனா அந்தம்மா செஞ்சது சரி."

இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு தலைவருக்கு உண்டா? தன்னை வெறுப்பவர்களும் விடாமல் பிடித்துக்கொள்ளும்படி ஒரு வழக்கத்தை விட்டுப்போவது... எந்தச் சிலைக்கு இந்த மதிப்பு இருக்கிறது? அந்தப் பாராட்டின் முதல் பாதி என் பொய். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

கிராம சபைகளுக்கு அக்கா தவறாமல் வருகிறார். முன் வரிசையில், தரையில், பெண்களோடு உட்காருகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். கேள்வி கேட்க எழுந்தால் பின்னாலிருந்து ஒரு "ம்மே" வரும். அவரும் சிரித்துவிட்டு, மைக்கை வாங்கி, என்னைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்பார்: "வெளிய கேக்குதா தம்பி?"

அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்கிறாரா? இல்லை, ஒருமுறை சூடுபட்ட எச்சரிக்கைதானா? எத்தனையோ முறை அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிடிபடவில்லை.

போன காந்தி ஜெயந்தி கிராம சபையில் கீழத்தெரு ஆட்கள் எழுந்தார்கள். வடிகாலை மறுபடி வெட்ட வேண்டும், குறுக்கே நிற்கும் கடைகளை எடுக்க வேண்டும் என்றார்கள். தலைவர் இழுத்தடித்தார். "தூத்தது யாரு காலத்துல?" என்று ஒருவர் குரல் கொடுத்தார். எல்லாரும் முன் வரிசையைப் பார்த்தார்கள்.

அக்கா எழுந்து கையை நீட்டினார். நான் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வெளிய கேக்குதா தம்பி?"

"கேக்குதுக்கா."

"என் காலத்துலதாங்க தூத்தாங்க. தலைவரு நான். என்னால தடுக்க முடியல. அது என் தப்புதான். அதுக்காக இப்ப வெட்டாம இருக்காதீங்க. தீர்மானம் போடுங்க, மொத மண்ண நான் வந்து அள்ளுறேன்."

பாக்கியம் மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறிற்று. ஆடு மாதிரி கத்த அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா மைக்கை என்னிடம் திருப்பித் தந்தார். அணைக்காமலேதான் தந்தார். கொடுத்துவிட்டு உட்காராமல் அங்கேயே நின்றார்.

அது என் கையில் உயிரோடு இருந்தது. கடைத்தெரு கேட்டுக்கொண்டிருந்தது. கீழத்தெரு கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட விடுமுறை, மருமகள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், அவளுக்கும் கேட்கும். 'ஆடு கடிக்கவில்லை' என்ற இரண்டு வார்த்தை போதும். வாய்வரைக்கும் வந்தது...

உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே, அங்கே என்ன ஆயிற்று என் நாக்குக்கு?

பூவரச மரத்துக் குழாயில் என் மூச்சுச் சத்தம் கேட்டதாகப் பிறகு வசந்தா சொன்னாள். யாரோ பேசப் போகிறார்கள் என்று தெருவே காத்திருந்ததாம். நான் சுவிட்சை அணைத்துவிட்டேன்.